பட்டாணிக் கல் போட்ட வாசல்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முன்னறையில் கூடியிருந்தவர்கள் ஆறு பேர். அப்பா மேசையின் தலைப்பக்கம், கையில் ஸ்கேலும் பென்சிலுமாக. பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு பேச்சு கிளம்ப வேண்டிய நேரத்தில் கிளம்பி, சேர வேண்டிய இடத்தில் சேராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவருக்கு வலப்பக்கம் அண்ணன், மடியில் ஒரு டைல்ஸும் காலடியில் ஒரு கட்டு டைல்ஸுமாக. அண்ணனுக்கு எதிரே அண்ணி, உரிக்க வேண்டிய பச்சைப் பட்டாணியோடு. அம்மா சமையலறை நிலைப்படியில், பாதி உள்ளே, பாதி வெளியே. அடுப்பில் பால் இருந்தது. கொத்தனார் வெளிக்கதவை ஒட்டிப் போட்ட ஸ்டூலில். உட்காருங்கள் உட்காருங்கள் என்று எல்லோரும் முறை வைத்துச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். சின்னவள் கதவுக்கும் மேசைக்கும் நடுவே, தன் சக்கர நாற்காலியில்.

"இந்த வீட்டுல எல்லாரும் உக்கார இடம் தேடணும். இவ ஒருத்திதான் கையோட கொண்டு வர்றவ" என்று அண்ணி எப்போதும் சொல்லுவாள். அண்ணி சொன்னால் சின்னவளுக்குச் சிரிப்பு வரும். வேறு யாராவது சொல்லியிருந்தால் கதையே வேறு.

பேசவேண்டிய விஷயம், வீட்டைச் சுற்றி வெளியே என்ன தரை போடுவது என்பது.

வீடு தெருவைவிட மேடானது. முன்கதவிலிருந்து இரும்புக் கேட் வரை நிலம் சரிந்து இறங்கும். பக்கவாட்டில் ஒரு நடை. அது பின்பக்கம் குழாயடிக்கும் துணி காயப்போடும் கொடிக்கும் போகும். எல்லா இடத்திலும் அப்பா எந்தக் காலத்திலோ கொட்டிவைத்த உதிரி ஜல்லி. நடப்பவர்களுக்கு அது சரக் சரக்கென்று சத்தம் போடும் ஒரு தரை, அவ்வளவுதான். சக்கரத்துக்கு அது சேறு. சின்னவள் அதில் இறங்கினால் முன்சக்கரம் இரண்டும் புதைந்துகொள்ளும். பிறகு அண்ணனோ அப்பாவோ பின்னால் வந்து கைப்பிடியைப் பிடித்து, நாற்காலியை லேசாகச் சாய்த்து, தள்ளுவண்டி தள்ளுவதுபோல் கேட் வரை கொண்டுபோய் விடவேண்டும். லாரி விபத்து நடந்து வீடு திரும்பிய நாளிலிருந்து அவள் தெருவைப் பார்த்ததெல்லாம், முதுகுக்குப் பின்னால் ஒருவர் மூச்சு வாங்கும் சத்தத்தோடுதான்.

இத்தனை நாள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் வீட்டில் இருந்தபடியே புத்தகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் அடுத்த தெருமுனையில் இருக்கும் விதைப் பரிசோதனைக் கூடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அறிக்கை எழுதும் வேலை. தரைத்தளத்தில் அறை. சேரச் சம்மதமா என்பதை அடுத்த மாதக் கடைசிக்குள் தபாலில் எழுதித் தெரிவிக்கவேண்டும்.

வீட்டில் எல்லோரும் வேலை கிடைத்துவிட்டது என்றே பேசினார்கள். பதில் எழுதாதவள் அவள் ஒருத்திதான்.

"காலைல கடைக்குப் போற வழியில நான் கொண்டுபோய் விட்டுடறேன். சாயங்காலம் கூட்டிட்டு வந்துடறேன். இதுல என்ன யோசனை உனக்கு?" என்று அண்ணன் கடிதம் வந்த அன்றைக்கே கேட்டான்.

"மழை நாள்ல இந்தக் கேட்டைத் தாண்டி நான் தனியா போயிட்டுத் தனியா திரும்பி வரணும். அது முடியும்னு தெரிஞ்சாதான் எழுதுவேன். முடியலன்னா வேண்டாம்னு எழுதுவேன்" என்றாள் அவள்.

"மழை நாள்ல நானே தனியா போகமாட்டேன்" என்றாள் அண்ணி.

ஆனால் சின்னவள் சொன்னால் சொன்னதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இந்தக் கூட்டம்.

அப்பா பென்சிலால் மேசையைத் தட்டினார். "முதல்ல பெரியவன் சொல்லட்டும்."

அண்ணன் டைல்ஸ் கடையில் விற்பனைப் பகுதியைக் கவனிப்பவன். ஆள் நல்லவன், ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைப் பார்த்துவிட்டுத்தான் மனிதர்களைப் பார்ப்பான். மடியிலிருந்த டைல்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினான். "வெளிப்புறத்துக்குன்னே செஞ்சது. சொரசொரப்பு இருக்கு பாருங்க. வழுக்காது. கடையில எனக்குச் சலுகை வேற."

"ஒட்டுற இடம் சரிவாச்சே, தம்பி" என்றார் கொத்தனார். "அடியில மண்ணு கொட்டின மண்ணு. ஒரு மழை ரெண்டு மழையில மூலை தூக்கும். தூக்கின மூலையில தங்கச்சியோட சக்கரம் போய் முட்டும்."

"இன்டர்லாக் கல்லு?" என்று அப்பா கேட்டார்.

"அதுவும் அப்படித்தான் ஐயா. ஒண்ணு இறங்கும், ஒண்ணு ஏறும். இடுக்குல புல்லு முளைக்கும். அம்மா தினம் உக்காந்து பிடுங்கணும்."

"பிடுங்குறதுக்கு இந்த வீட்டுல வேற ஆளே இல்லையா?" என்று அம்மா நிலைப்படியிலிருந்து கேட்டாள். எல்லோருக்கும் திடீரென்று பட்டாணி உரிப்பதில் அக்கறை வந்துவிட்டது.

"வெறும் சிமெண்டுத் தளம் போட்டு, மேல கோடு இழுத்துட்டா?" அப்பா விடவில்லை.

"கோடு தேயும் ஐயா. தேஞ்ச இடத்துல பாசி வரும். பாசின்னா என்னன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். பின்பக்கக் குழாயடிச் சிமெண்டில் அப்பா வழுக்கி விழுந்து கை கட்டோடு திரிந்த காலத்தில், அந்தக் கட்டிலும் ஸ்கேலைச் செருகி வைத்திருந்தார்.

கொத்தனார் காலடியில் வைத்திருந்த சாக்குப் பையைத் திறந்து ஒரு பலகைத் துண்டை எடுத்தார். பலகை என்று நினைத்தது கான்கிரீட் வில்லை. மேல்புறம் சிமெண்டு இல்லை. கூழாங்கற்கள் நெருக்கமாகத் தலை நீட்டிக்கொண்டிருந்தன, ஈரமணலில் பாதி புதைந்ததுபோல. கான்கிரீட்டைப் போட்டு, அது அரைகுறையாக இறுகும்போது மேலே உள்ள சிமெண்டுப் பாலை மட்டும் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிவிடுவது. கல் வெளியே தெரியும், ஆனால் வேர் உள்ளே இருக்கும். "ஒரே தளம். மூலை கிடையாது, ஒட்டு கிடையாது. சக்கரத்துக்கும் பிடி இருக்கும், செருப்புக்கும் பிடி இருக்கும்" என்றார்.

அம்மா வந்து பார்த்தாள். "வேலை முடியலயா இன்னும்? பூசாம விட்ட மாதிரி இருக்கே."

"இதான்மா முடிச்ச வேலை."

"வர்றவங்க கேப்பாங்களே, காசு பத்தலயான்னு."

அண்ணன் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பளபளப்பே இல்லையே" என்றான். துக்கம் விசாரிக்கும் குரலில்.

வில்லை கை மாறிக் கை மாறி மேசையைச் சுற்றி வந்தது. அப்பா உள்ளங்கையால் தடவினார், ஸ்கேலை நிறுத்திப் பார்த்தார். அண்ணி நகத்தால் சுரண்டினாள். கடைசியில் சின்னவளிடம் வந்தது. அவள் அதைத் தடவவில்லை. குனிந்து தரையில் வைத்து, ஒரு சக்கரத்தை அதன்மேல் ஏற்றி இறக்கினாள். மறுபடி ஏற்றி இறக்கினாள்.

"எப்படி?" என்றார் அப்பா.

"ஒண்ணும் தெரியல. ஏறினதும் இறங்கிடுது. ஒரு வாய் தண்ணியக் குடிச்சிட்டுக் கிணத்தோட ஆழத்தைச் சொல்ல முடியுமா?" என்றவள், கொத்தனார் பக்கம் திரும்பினாள். "பின்னால கொடிக்குக் கீழ, என் நாற்காலி அகலத்துக்கு நீளமா போட்டுக் காட்டுங்க. சின்னக் கல்லுல ஒண்ணு, நடுத்தரத்துல ஒண்ணு, பெரிய கல்லுல ஒண்ணு."

"சாம்பிளுக்கே ரோடு போடச் சொல்றா!" என்றான் அண்ணன்.

"உங்க கடையில ஒரு டைல்ஸைக் காட்டி வீடு பூரா விக்கிறீங்க இல்ல, அதுக்கு இது தேவலை" என்றாள் அண்ணி.

கொத்தனார் சிரித்துக்கொண்டே குனிந்து அண்ணியின் கிண்ணத்திலிருந்து ஒரு பட்டாணியை எடுத்தார். "சின்னக் கல்லுன்னா இந்த அளவு வருமா தங்கச்சி?"

"அந்த அளவுதான்."

கொத்தனார் பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டு, வேலை பேசி முடிந்ததாக எழுந்தார்.

*

பின்பக்கம் மூன்று பட்டை போட்டாகிவிட்டது. பட்டாணி அளவுக் கல் ஒன்று, பாக்கு அளவு ஒன்று, நெல்லிக்காய் அளவு ஒன்று. சிமெண்டுப் பால் சீக்கிரம் இறுகாமல் இருக்கக் கொத்தனார் மேலே ஏதோ தெளித்தார். என்ன மருந்து என்று அப்பா கேட்டதற்கு, "சர்க்கரைத் தண்ணி" என்றார். கேலி செய்கிறார் என்று அப்பா நினைத்துக் கொஞ்சம் விறைத்துக்கொண்டார். கேலி இல்லை, நிஜமாகவே சர்க்கரைத் தண்ணீர்தான் என்று தெரிந்ததும், மாலை முழுக்க எறும்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கழுவும்போது முதல் பட்டையைக் கொத்தனார் அவசரப்பட்டுத் தேய்த்துவிட்டார். கல்லும் சேர்ந்து கிளம்பி வந்தது. "வாய் பேசிக்கிட்டே செஞ்சா இப்படித்தான்" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, கரணையால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டார்.

நன்றாகக் காய்ந்த பிறகு பரீட்சை. அண்ணி ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு மழையாக நின்றாள். அப்பா குடையோடு நின்றார், தேவையில்லாமல். சின்னவள் முதலில் நெல்லிக்காய்க் கல்லில் ஏறினாள். பார்வைக்கு அதுதான் அழகு. ஆற்றங்கரையை அப்படியே பெயர்த்து வைத்த மாதிரி. ஆனால் முன்சக்கரங்கள் ஒவ்வொரு கல்லிலும் ஒவ்வொரு பக்கம் திரும்பின. அதிர்ச்சி நாற்காலிக் கம்பி வழியாக ஏறி, பல்லில் வந்து முடிந்தது.

"எ-ப்-ப-டி இ-ரு-க்-கு?" என்று அண்ணி அவளைப்போலவே குலுங்கிக் கேட்டாள்.

"அண்ணி, பைப்பை மூஞ்சியில அடிக்காதீங்க."

பாக்குக் கல் பரவாயில்லை. ஆனாலும் நேராகப் போக ஒரு கையால் கூடுதலாகத் தள்ளவேண்டியிருந்தது. பட்டாணிக் கல்லில் நாற்காலி லேசாக முனகிக்கொண்டு நேராகப் போனது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்திச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினாள். பிடி விடவில்லை. பின்னால் வந்தாள், முன்னால் போனாள். துணி காயப்போட வந்த அம்மா வெறுங்காலோடு மூன்றிலும் நடந்து பார்த்துவிட்டு, பெரிய கல் உள்ளங்காலைக் குத்துகிறது, சின்னது கூச்சம் காட்டுகிறது, அவ்வளவுதான் என்று தீர்ப்பு சொன்னாள். எந்த நிறம் என்பதில்தான் கொஞ்சம் இழுபறி. அண்ணன் வெள்ளைக் கல் கேட்டான். வெயிலில் கண் கூசும் என்றாள் சின்னவள். தெருப்புழுதி தெரியாத பழுப்பும் சாம்பலும் கலந்த கல் என்று முடிவாயிற்று.

ஒரு வாரத்தில் ஜல்லியெல்லாம் வாரப்பட்டு, மண் கெட்டிக்கப்பட்டு, கம்பி வலை விரிக்கப்பட்டது. கதவிலிருந்து கேட்டுக்கு நேராக இறங்காமல், சுவரை ஒட்டி ஒரு வளைவு போட்டுப் பாதையை நீட்டினார் கொத்தனார். நீளம் கூடினால் சரிவு குறையும். அந்த வளைவைச் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டியபோது சின்னவள் முன்கதவோரத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கண்ணால் ஓட்டிப் பார்த்தாள். எங்கே வேகம் பிடிக்கும், எங்கே திரும்பவேண்டும், ஏறும்போது மூச்சு வாங்க எங்கே நிறுத்தலாம். பாதி வழியில் ஓர் இடம் கொஞ்சம் மட்டமாக இருக்கட்டும் என்றாள். கொத்தனார் தலையாட்டி, அந்த இடத்தில் செங்கல் ஒன்றை அடையாளம் வைத்தார்.

கான்கிரீட் போட்டு, கழுவி, சாக்கு நனைத்து மூடினார்கள். பிறகு காத்திருப்பதுதான். வீட்டில் எல்லோரும் பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போய் வந்தார்கள். அவள் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து பிழை திருத்தினாள். பக்கத்துக்குப் பக்கம் நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். மாதம் மாறிவிட்டது.

*

வேலைக்கு முன் மருத்துவச் சான்று வேண்டும் என்று பரிசோதனைக் கூடம் சொல்லியிருந்தது. தளம் காய்ந்து சாக்கை எடுத்த பிறகு ஒரு நாள் அப்பாவோடு வாடகைக் காரில் மருத்துவமனைக்குப் போனாள். அங்கே வரிசை, இங்கே கையெழுத்து என்று பொழுது சாய்ந்துவிட்டது.

திரும்பி வந்து கார் கேட்டில் நின்றபோது, அப்பா "அடேயப்பா" என்றார்.

வாசல் ஜொலித்தது. ஒவ்வொரு கல்லும் இப்போதுதான் ஆற்றிலிருந்து எடுத்ததுபோல் நிறம் காட்டிக்கொண்டு நின்றது. பழுப்பில் தேன் நிறம் தெரிந்தது, சாம்பலில் நீலம் தெரிந்தது. அண்ணன் நடுவில், முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு, கையில் ரோலரோடு, கல்யாண வீட்டுக்காரன்போல் சிரித்தான். கடைக்கு லீவு போட்டுவிட்டு, காலை ஒரு பூச்சு, மத்தியானம் ஒரு பூச்சு என்று முழு வாசலுக்கும், தளத்தின்மேல் வார்னிஷ் போலப் படியும் சீலர் அடித்திருந்தான். கடையிலிருந்து கொண்டுவந்த, உயர்ந்த ரகப் பளபளப்புச் சீலர்.

"எப்படி இருக்கு, குட்டி?"

"நல்லா இருக்குண்ணா" என்றாள் அவள். பொய் இல்லை. நிஜமாகவே அழகாக இருந்தது.

அம்மாவுக்குச் சிரிப்பு வாய் கொள்ளவில்லை. "இப்பதான் முடிஞ்ச வேலை மாதிரி இருக்கு" என்று எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. சின்னவள் யாரையும் எழுப்பவில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, முன்கதவைத் திறந்து, வாசலில் இறங்கினாள்.

வளைவு வரை சரியாகத்தான் இருந்தது. வளைவில் வேகத்தைக் குறைக்கச் சக்கரத்தை ஒட்டிய கைவளையத்தை இறுக்கிப் பிடித்தாள். சக்கரம் நின்றது, நாற்காலி நிற்கவில்லை. நின்ற சக்கரத்தோடு அப்படியே வழுக்கிக்கொண்டு போய், பக்கவாட்டில் திரும்பி, கேட்டில் மோதி நின்றது. கேட் கம்பியில் விரல் முட்டி தோலுரிந்தது. பெரிய அடி இல்லை. அவள் திரும்பி மேலே ஏறப் பார்த்தாள். ஒரு தள்ளு தள்ளினால் சக்கரம் சுற்றியது. நாற்காலி அதே இடத்தில் இருந்தது. இன்னொரு தள்ளு. பின்னால் வழிந்தது. கல் தெரிந்தது, ஆனால் கல்லைத் தொட முடியவில்லை. நடுவில் கண்ணாடிபோல் ஒரு தோல்.

கேட் சத்தம் கேட்டு அண்ணன் ஓடி வந்தான். அவனும் வழியில் ஒரு காலில் வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு வந்தான். பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தான். நாற்காலியைச் சாய்த்துத் தள்ளினான். பழையபடி அவன் மூச்சு அவள் பிடரியில் பட்டது.

முன்னறைக்குள் வந்ததும் அவள் நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

"எதுக்குண்ணா அடிச்ச?"

"நல்லா இருக்கட்டும்னுதான். எனக்கு வேற எண்ணம் எதுவும் இல்ல, சத்தியமா."

"வழுக்கும்னு தெரியாதா உனக்கு?"

அண்ணி துண்டோடு வந்து அவள் தலையைத் துவட்ட ஆரம்பித்திருந்தாள். துவட்டிக்கொண்டே சொன்னாள்: "அவருக்கா தெரியாது? தினம் கடையில வர்றவங்ககிட்டல்லாம் பாடமா ஒப்பிக்கிறாரே, 'வெளியில பளபளப்பு போடாதீங்க சார், மழையில ஆளையே கவுத்துடும்'னு."

"சொந்த வீடுன்னதும் மறந்துட்டேன்" என்றான் அண்ணன். "வாடிக்கையாளரா வந்திருந்தா ஞாபகம் வந்திருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கச் சொல்லவில்லை.

"சரி விடு, இப்ப என்ன ஆயிடுச்சு? மழை நாள்ல மட்டும்தானே? அன்னிக்கு நான் இருக்கேன்ல, கொண்டு விடறேன்" என்றான்.

"அதுதாண்ணா விஷயமே."

"எது?"

"நீ இருக்கறது." அவள் குரல் ஏறவில்லை. "நீ இருக்கே. அப்பா இருக்கார். எனக்கு யாரும் இல்லன்னு நான் எப்பவாவது சொன்னேனா? உனக்குக் காய்ச்சல் வந்தா எனக்கு லீவு. உன் கடையில கணக்கெடுப்புன்னா எனக்கு லேட்டு. நீயும் அண்ணியும் எங்கேயாவது நாலு நாள் போகணும்னா என்னைக் கேட்டுட்டுப் போகணும். போனதே இல்லையே நீங்க. எனக்கு வேலை வேணும், அண்ணா. உன் முதுகுல ஏறிப் போற வேலை வேண்டாம்."

அண்ணி துவட்டுவதை நிறுத்திவிட்டாள். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். வெளியே மழையில் வாசல் இன்னும் அழகாகத்தான் இருந்தது.

"இன்னிக்குத் தேதி என்ன?" என்று அவன் கேட்டான்.

அப்பா சமையலறையிலிருந்து சொன்னார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பதில் அனுப்ப நான்கு நாள்தான் இருந்தது.

*

கொத்தனார் வந்து பார்த்துவிட்டு முதலில் தலையில் கை வைத்தார், அப்புறம் சிரித்தார். "பட்டுப்புடவை கட்டி வயல்ல இறக்கிட்டீங்களே தம்பி!"

"சீலர் அடிக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். கல்லுக்குள்ள இறங்குற சீலரை நினைச்சுச் சொன்னேன். நீங்க மேல படியிறதை நினைச்சுக் கேட்டிருக்கீங்க. ரெண்டு பேரும் தலையாட்டிட்டோம். என் தப்பும் உண்டு."

வழி இரண்டு என்றார். சன்னமான மணல் கலந்து இன்னொரு பூச்சு அடித்தால் கொஞ்சம் பிடி வரும், பளபளப்பும் போகாது. இல்லையென்றால் அடித்த அத்தனையையும் கரைப்பான் போட்டு உரிக்கவேண்டும். உரிப்பது இடுப்பொடிக்கும் வேலை.

அம்மா மணல் பக்கம் சாய்ந்தாள். ஆசை முகத்தில் தெரிந்தது. "பாவம்டி அவன், எவ்வளவு கஷ்டப்பட்டு அடிச்சான்."

சின்னவளுக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. மணல் பூச்சு ஒரே நாளில் முடிந்துவிடும். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மணல் தேயும். தேய்ந்த நாளில் மழை பெய்யும். அந்த நாள் எது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

அவள் வாய் திறப்பதற்குள் அண்ணன் சொன்னான்: "உரிச்சிடலாம்."

"உரிச்சிடலாம்னா யாரு உரிக்கிறது?" என்றார் கொத்தனார். "எனக்கு வேற இடத்துல தளம் கிடக்கு."

"அடிச்சவன்தான்."

அன்று மாலை கடையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினான். முகத்தில் துணி கட்டிக்கொண்டு கரைப்பானை ஊற்றுவான், ஊற விடுவான், நார் பிரஷ்ஷால் தேய்ப்பான். பளபளப்பு முதலில் வெள்ளையாகத் திரியும். பிறகு சளி மாதிரி கிளம்பி வரும். அதை வழித்து டின்னில் போட்டு, சாக்கடையில் விடாமல் தனியே மூடி வைத்தான். அண்ணி மறுமுனையிலிருந்து தேய்த்துக்கொண்டு வந்தாள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ரெண்டு பேரும் சேர்ந்து செய்யிற முதல் வேலை இதுதான்" என்றாள். "உனக்கு வேற எங்கயும் கூட்டிட்டுப் போகலேங்கற குறை தீர்ந்துச்சா?" என்றான் அவன். அப்பா டார்ச் பிடித்தார். பிடிப்பதைவிட விடுபட்ட இடங்களைச் சுட்டிக்காட்டுவதில்தான் அவருக்கு ஆர்வம்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே வேலை. சுவரோரம் அம்மாவின் பூந்தொட்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தை எட்டியபோது சின்னவள் ஜன்னலிலிருந்து, "அதை விட்டுடுண்ணா. அங்க யாரும் நடக்கப்போறதில்ல. அம்மா பார்த்துக்கிட்டிருக்கட்டும்" என்றாள். அண்ணன் நிமிர்ந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, "இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? அந்தப் பக்கம் பாதி தொட்டியை நகர்த்தித் தேச்சிட்டேனே" என்றான்.

கடைசி நாள் மழை இல்லை. மேகம்கூட இல்லை. அப்பா வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தாமதமாகும் பஸ்ஸை முறைப்பதுபோல் மறுபடி வானத்தைப் பார்த்தார். "தபால் எடுக்கிறது சாயங்காலம்தான்" என்றார். "முத்திரையில இன்னிக்குத் தேதி விழுந்தா போதும்."

"மழைக்கு நான் இருக்கேன்" என்று அண்ணி பைப்பை இழுத்துக்கொண்டு வந்தாள். கதவருகிலிருந்து கேட் வரை தண்ணீர் ஓடையாக இறங்கும்படி பாய்ச்சினாள். வாசல் பழையபடி மங்கலாக, சாம்பலும் பழுப்புமாக, வேலை முடியாததுபோல் இருந்தது.

சின்னவள் இறங்கினாள். அண்ணன் கதவோரம் நின்றான். கை இரண்டும் தாமாக முன்னால் வந்தன. அவற்றை மடக்கி அக்குளில் செருகிக்கொண்டான்.

வளைவில் கைவளையத்தை இறுக்கினாள். சக்கரம் நின்றது, நாற்காலியும் நின்றது. மறுபடி விட்டாள், மறுபடி பிடித்தாள். கேட் வரை போய்த் திரும்பினாள். ஏறுவது லேசாக இல்லை. தோள் இரண்டும் எரிந்தன. ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு முழம்தான் கிடைத்தது. ஆனால் கிடைத்த முழம் கிடைத்ததாகவே இருந்தது, பின்னால் வழியவில்லை. கொத்தனார் மட்டமாக விட்ட இடத்தில் நாற்காலியைக் குறுக்கே திருப்பி நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

"போதும்ல? நான் வரட்டா?" என்று அம்மா உள்ளிருந்து கேட்டாள்.

"அவளை விடும்மா" என்றான் அண்ணன்.

மேலே வந்து சேர்ந்தாள். அண்ணி பைப்பை மூடினாள். அப்பா நேரத்தைப் பார்த்தார். எவ்வளவு ஆயிற்று என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டார்.

அவள் நேராக மேசைக்குப் போய், தாளை எடுத்து எழுதினாள். மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு. தங்கள் கடிதம் கிடைத்தது. குறிப்பிட்ட தேதியில் பணியில் சேர எனக்கு முழுச் சம்மதம். மருத்துவச் சான்றை இத்துடன் இணைத்துள்ளேன். நான் சக்கர நாற்காலியில் தனியாகவே வந்து போவேன். இங்கே சற்று நிறுத்திப் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு இன்னும் ஒரு வரி சேர்த்தாள். தங்கள் நுழைவுச் சரிவில் பளபளப்புப் பூச்சு ஏதும் இருந்தாலோ, பூசும் எண்ணம் இருந்தாலோ, தயவுசெய்து எனக்கு முன்கூட்டித் தெரிவிக்கவும். அதை உரிக்கத் தெரிந்த ஆள் எங்கள் வீட்டில் இருக்கிறார்.

"என்ன எழுதினே? நான் ஒரு தடவை பார்க்கட்டுமா, தேதியெல்லாம் சரியா இருக்கான்னு?" என்றார் அப்பா.

"பிழை திருத்துறதுதான்ப்பா இத்தனை வருஷமா எனக்குத் தொழிலு" என்று தாளை மடித்தாள். சான்றோடு சேர்த்து உறையில் இட்டு, ஓரத்தை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, மணிக்கட்டால் அழுத்தி ஒட்டினாள். முகவரியை ஒருமுறை சரிபார்த்து, உறையைத் தொடைக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டாள்.

தபால் பெட்டி தெருமுனையில், பழக்கடைக்குப் பக்கத்தில் இருந்தது. யாரும் பின்னால் வராமல் அதுவரை போனாள். அதன் வாய் அவள் தோள் உயரத்துக்கு இருந்தது. உறையைப் பாதி நுழைத்து, உள்ளே சரியாகப் போகிறதா என்று பார்த்து, கையை விட்டாள். அது அடியில் போய் விழும் சத்தம் கேட்டது.